டிரைவர் பிரச்னை

இருபதாம் தேதி, இரவு பத்து இருபது.
சூளையில் மழை விட்டு மூன்று நாள்,
தெருத் தண்ணீர்தான் விடவில்லை.

மேசைமேல் மூன்று கடைகளின் கணக்கு:
ஒரு பெயின்ட் கடை, ஒரு மாவு மில்,
டவுட்டனில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் ஹமீதா அக்கா.
நள்ளிரவுக்குள் மூவருக்கும் ஜிஎஸ்டி ஏற்ற வேண்டும்.
தப்பினால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய்.
அவர்கள் கட்டமாட்டார்கள்,
என் கூலியில் கழிப்பார்கள்.

அப்போதுதான் வருகிறது
அந்த மஞ்சள் முக்கோணம்,
நடுவில் ஓர் ஆச்சரியக்குறி.
யாருக்கு ஆச்சரியம்?
இந்த வாரத்தில் இது ஆறாவது முறை.

வைஃபை பட்டியல் காலியாகிறது.
ஒரு நொடி முன்புவரை அங்கே இருந்தார்கள்
இரண்டாம் மாடி பிரிசில்லா,
'பாஸ்வேர்டு கேக்காதீங்க' என்று பெயர் வைத்த பையன்கள்,
எதிர்வரிசைப் பல் டாக்டர்,
யாரென்றே தெரியாத 'கருவாடு 5ஜி'.
பதினோரு வீடுகள் ஒரே மூச்சில் இல்லை.
ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது,
யாரோ மீன் வறுக்கிறார்கள்.
என் லேப்டாப்புக்கு மட்டும்
ஊரில் ஒருவருமில்லை.

போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் அதுவும் தெரியாது.
கேபிள் போடலாம்; இருப்பதோ
சார்ஜ் மட்டும் ஏறும் முப்பது ரூபாய் கேபிள்.

செய்ததையெல்லாம் மறுபடி செய்தேன்.
அணைத்து ஏற்றினேன்.
அடாப்டரை முடக்கினேன், விடுவித்தேன்,
வேரோடு பிடுங்கி மறுபடி நட்டேன்.
மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம்
என்ற இடத்தில் டிக்கை எடுத்தேன்.
ரிச்சி ஸ்ட்ரீட் நிஸ்தார் போன வாரமே சொன்னார்:
'ஆன்டெனா ஒயர் நல்லா இருக்கு மேடம்,
கார்டும் நல்லா இருக்கு.'
இருநூறு வாங்கிக்கொண்டு
எல்லாம் நன்றாக இருக்கிற, வேலை செய்யாத ஒன்றைத்
திருப்பித் தந்தார்.

கணினியையே கேட்டேன், நல்ல டிரைவர் உண்டா என்று.
'உங்கள் சாதனத்துக்கு மிகச் சிறந்த டிரைவர்
ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது.'
எங்கேயோ கேட்ட குரல்.
காலையில் மாநகராட்சியிலிருந்து குறுஞ்செய்தி:
'கழிவுநீர் தேக்கம் பற்றிய
தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.'
படித்தபோது கணுக்கால்வரை
அதில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பதினொன்று ஐந்து.
'டிரைவர்தான் பிரச்னை' என்று
வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல.
கட்டிலில் எபினேசர் புரண்டார்.
அயனாவரம் டிப்போ, இருபது வருட ஸ்டியரிங்,
விடியற்காலை நாலு பத்துக்கு டூட்டி.
கண் திறக்காமல் கேட்டார்:
'எந்த டிப்போ?'

சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்தில் முட்டின.
'புதுசா போட்ட ஆளு. பாதி வழியில நிறுத்திடறான்.'
'ரூட் தெரிஞ்சிருக்காது.
பழைய ஆளு எங்கேயும் போயிருக்க மாட்டான்,
ஸ்பேர்ல உக்காந்திருப்பான்.
கூப்ட்டு ஏத்து.'
மறுபடி குறட்டை.

தேடினேன். இருந்தார்கள்,
பட்டியலுக்குள் இன்னொரு பட்டியலில்
தேதி வாரியாக ஐந்து பேர்.
முதலாமவர், போன செவ்வாய் இரவு
நான் தூங்கும்போது தானாக வந்து ஏறியவர்.
கடைசியில் ஒருவர், ஏழு வருடம் பழையவர்.
'இது பரிந்துரைக்கப்படவில்லை. தொடரவா?'
தொடர் என்றேன்.

திரை ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.
முதலில் கருவாடு வந்தது.
பிறகு பல் டாக்டர், பிரிசில்லா, பையன்கள்.
ரொம்ப நேரம் கழித்து, கடைசியாக,
எங்கள் வீடு.

பெயின்ட். மாவு. ஸ்டாம்ப்.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மூன்றாவது ஒப்புகை எண்.

அதே மூலையில் இப்போது நீலத்தில் ஒரு பணிவு:
'புதுப்பிப்புகள் தயார்.
இப்போதே மறுதொடக்கம் செய்யலாமா?'
செய்தால் அந்தச் செவ்வாய்க்கிழமைக்காரர்
மறுபடி சீட்டில் ஏறிவிடுவார்.
பிறகு நினைவூட்டு என்று சொல்லி
மூடியைச் சாத்தாமல் எழுந்தேன்.
கொடியில் கிடந்த காக்கிச் சட்டையை
மின்விசிறிக்கு நேராக மாற்றிப் போட்டேன்.
காலர் இன்னும் ஈரம்.