வெடிப்பு

பலாலியிலிருந்து எழும்பிய நான்காம் நிமிடம்
செட்டை கழன்றது.
இன்பர்சிட்டியில் நான் அப்போது
ஒரு வாட்டர் பம்பின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தேன்.
சத்தம் பெரிதில்லை,
காய்ந்த பனம்மட்டை முறிகிற அளவு.
பிறகு கடல்.
பிறகு கரையெல்லாம் சப்பாத்துக் கால்கள்.

இரவு, தலையணைக்குள் அமுக்கிய ரேடியோவில்
ஒரு குரல்: நாங்கள் விழுத்தினோம்.
மற்றக் குரல்: இயந்திரக் கோளாறு.
இரண்டையும் நம்பாத பழக்கத்தில்
பற்றறிகளைக் கழற்றினேன்,
நாளை வெயிலில் வைக்க.

விடிய, பாஸ் காட்டி இறங்கிய மரியநாயகத்தின் வலையில்
முரலுக்கும் பாசிக்கும் நடுவே
முழ நீள அலுமினியத் துண்டு.
கூடவே ஓலைக் குட்டான் ஒன்று,
பனங்கட்டி கரைந்து, வெறும் ஓலை.
லீவில் போன யாரோ
நெல்லியடிச் சந்தையில் பேரம் பேசியிருப்பான்,
அரைகுறைத் தமிழில்,
எண்களை மட்டும் சரியாய்.

துண்டைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
முறிவின் ஓரம் மட்டும் புது வெள்ளி.
மற்றதெல்லாம் கறுப்பு.
வற்றுக் கடல் விட்டுப்போன கோடுகள் மாதிரி
ஓர் ஆணித் துளையில் தொடங்கி
வரிக்குப் பின் வரி.
இது நேற்று முறிந்ததில்லை.
குண்டு கொண்டுவந்த நாட்களிலும்
சவப்பெட்டி கொண்டுபோன நாட்களிலும்
கொஞ்சம் கொஞ்சமாய்
முறிந்துகொண்டே பறந்திருக்கிறது.
மேலே யாரோ பச்சைப் பெயின்ற் பூசியிருந்தான்,
இரண்டு தரம்.

வெடி வைத்தது ஆர் என்று கேட்டு
மரியநாயகத்தின் மகன் நிக்சனைக் கொண்டுபோனார்கள்.
வெடி இல்லை ஐயா, வெடிப்பு.
தமிழில் இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம்.
சிங்களத்தில் அதற்கு என்ன சொல்லென்று
எனக்குத் தெரியாது.

துண்டை வைத்திருந்தால் குற்றம்.
எறிந்தால் சாட்சி இல்லை.
பம்பின் இம்பெல்லரோடு சேர்த்துச் சாக்கில் கட்டி
சைக்கிளில் முகாமுக்குப் போனேன்.

அதிகாரி பெருவிரலை வைத்து
அந்தக் கோடுகளின் மேல் மெல்ல இழுத்தான்,
நான் இழுத்த அதே திசையில்,
துளையிலிருந்து வெளியே.
அவனுக்கு விளங்கியது.
முகம் ஒருமுறை சுருங்கி
கதவுபோலச் சாத்திக்கொண்டது.
‘யன்ன’ என்றான்.

நிக்சனை விடவில்லை.
துண்டையும் தரவில்லை.
இம்பெல்லரை மட்டும்
துடைத்துத் திருப்பித் தந்தார்கள்.

அதைப் பூட்டி
வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.
நாலு மணிக்கு
அடுத்த விமானம் எழும்பியது.
பம்பை நிறுத்திவிட்டுக்
காது கொடுத்தேன்.