கூட்டாமல் குறைக்காமல்

க்தான்ஸ்க் நீதிமன்றம், மூன்றாம் தளம்.
ரேடியேட்டரை ஒட்டி எனக்கொரு நாற்காலி.
சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல்
என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டால்
மாலை வரை எனக்கென்று ஒரு நான் கிடையாது.

‘நான் அவளை அடித்ததில்லை’ என்றேன்.
அது அன்செல்மோ. மொன்டேவீடியோவிலிருந்து
இரண்டு விமானம் மாறி வந்தவர்,
இரவல் கோட்டுக்கு வெளியே நீண்டிருந்தன மணிக்கட்டுகள்.
‘கதவைத்தான் அடித்தேன்’ என்றேன்.
‘கதவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்’ என்றேன்.
அது யாகோடா.
ஒரே தொண்டையில் இரண்டையும் சொல்லிவிட்டுத்
தண்ணீர் குடித்தேன்.

கோப்பில் குழந்தையின் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டு.
அவர் வாயில் ஹூலியா, அவள் வாயில் யூலியா.
நடுவில் நான் ‘குழந்தை’ என்று சொல்லித் தப்பினேன்.
அது குறைத்ததில் சேருமா, தெரியவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
யாரிடம் வளர்வாள் என்பதல்ல இங்கே கேள்வி,
அதைக் கேட்கவேண்டிய நாடு எது என்பதே கேள்வி.
ஒப்பந்தம் அவ்வளவுதான் கேட்கிறது.
மூன்று வார விடுமுறைக்கென்று எடுத்த பயணச்சீட்டு,
யாரும் ஏறாத அதன் திரும்பும் பாதி
அச்செடுக்கப்பட்டு, சான்றாவணம் ஏழு.
மனு வந்து சேர்ந்தது பதினோராம் மாதக் கடைசியில்.
ஒரு வருடம் கடந்திருந்தால்
குழந்தை இங்கே வேர்விட்டாள் என்று வாதாடலாம்.
இப்போது யாகோடாவுக்கு மிச்சமிருப்பது
‘கடும் அபாயம்’ என்ற இரண்டு சொல்.
ஒரு கதவை அதற்குள் எப்படி அடைப்பது?

வழக்கமான உறைவிடம் எது என்று கேட்டார்கள்.
அன்செல்மோ ஒரு வீட்டைச் சொன்னார்.
எங்கள் வீடு என்றாரா, நம் வீடு என்றாரா?
அவர் மொழியில் அந்தப் பிரிவே இல்லை,
நான் கொண்டுபோய்ச் சேர்த்த மொழியிலும் இல்லை.
எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவளைச் சேர்த்தா, விட்டா
என்று விசாரிக்க எனக்கு அதிகாரமில்லை.

பிற்பகல் உளவியலாளர் அறை.
ஆறு வயது நிறையாத பெண், ஒரு காலுறை சரிந்து.
அப்பா பாஷையில் எண்ணிக் காட்டு, பார்க்கலாம்.
ஊனோ, தோஸ், த்ரேஸ், சின்கோ.
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்றேன்.
மறுபடி எண்ணச் சொன்னார்.
மறுபடியும் மூன்றுக்கு அப்புறம் ஐந்து.
‘தந்தையின் மொழி பெரும்பாலும் மறந்துள்ளது’
என்று எழுதிக்கொண்டார்.

காபி இயந்திரத்தடியில் வக்கீல் அதை வாசித்தார்.
நாலை விட்டுவிட்டாளாம் என்று அன்செல்மோவிடம் சொன்னேன்.
அன்று முதல் தடவையாக அவர் சிரித்தார்,
சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது.
‘எங்கள் மாடிப்படியில் நாலாவது உடைந்தது.
எண்ணிக்கொண்டே ஏறுவாள்.
அந்த இடத்தில் நான் தூக்கி அப்பால் விடுவேன்.
அதற்கு எண் கிடையாது.’
நாளைக்கு எழுத்தில் கொடுக்கலாம் என்றார் வக்கீல்,
ஏற்பார்களா என்பது வேறு விஷயம்.

எதிர் பெஞ்சிலிருந்து யாகோடா,
என் வழியாக அல்ல, நேராக, அவர் மொழியிலேயே:
‘மூன்று வருஷம் சொன்னேன் உன்னிடம்,
ஒரு பலகை மாற்ற.’
வக்கீல் என் முகத்தைப் பார்த்தார்.
விசாரணைக்கு வெளியே பேசியது என்றேன்.

ஐந்தரை மணி. வெளியே ஈரப் பனி.
அம்மாவின் கையைப் பிடித்துக் குழந்தை
நீதிமன்றப் படிகளில் இறங்கினாள்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நின்று, இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.
கருங்கல் படி. ஒரு விரிசல் கிடையாது.
யாகோடா அதைக் குனிந்து பார்த்தாள்,
மேலே நின்றவரைத் திரும்பிப் பார்க்கவில்லை,
தூக்கி அப்பால் விட்டாள்.

தீர்ப்பின் நகல் எனக்கு வராது, அது வழக்கமில்லை.
ஆறு மணி நாற்பது நிமிடம் என்று ரசீது எழுதினேன்.