அடி காணாத இடம்

கச்சான் ஓய்ந்த காலை.
மூதூர்ப் பக்கமாகப் படகைத் திருப்புகிறார் சாபிர்தீன்.
என் மடியில் ஆழமானி,
ஒன்பது, பதினொன்று, பதினான்கு என்று
நொடிக்கொரு எண்ணைத் துப்பியபடி.

மாவலி வந்து விழும் வாயில்
தண்ணீர் சாயம் கூடிய தேநீர்.
கையை விட்டு அள்ளினேன்.
போன கிழமை மலைநாட்டு மழையில்
எவருடைய தேயிலைச் சரிவிலிருந்தோ வழுக்கி
இருநூறு மைல் உருண்டு வந்த மண்
என் விரலிடுக்கில் நறநறத்தது.

நாற்பது.
நூற்றிரண்டு.
அதன்பின் எண் இல்லை,
திரையில் இரண்டு வெறுங்கோடுகள்.

தட்டிப் பார்த்தேன்.
பற்றரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன்.
கோடுகளேதான்.

"பழுதில்ல தம்பி" என்றார் சாபிர்தீன்,
பீடியைக் காற்றுக்கு மறைத்துப் பற்றவைத்தபடி.
"கடல் வந்தது ஆத்துக்கு இன்னும் தெரியா.
அது கீழால
நடந்துக்கிட்டே போகுது."

எஞ்சின் நின்றது.
எங்களுக்குக் கீழே
ஒரு பள்ளத்தாக்கு முழுதும் இருட்டில்,
பறவையில்லை, பாதையில்லை,
மேலிருந்து மலை மட்டும்
தூள்தூளாக இறங்கிக்கொண்டிருக்கிறது.

படிவத்தில் 'ஆழம்' என்ற கட்டத்தை
மாலைவரை வெறுமையாக விட்டிருந்தேன்.
கை கழுவ மறந்த பெருவிரல்
எப்போதோ அதில் பதிந்திருக்கிறது,
செம்மண் நிறத்தில்.

அப்படியே அனுப்பிவிட்டேன்.