கிளியர்

தலைக்கவசம் தருவதற்கு முன்பே
இந்தச் சொல்லைத் தந்துவிட்டார்கள்.
ஒலுமடுக் காட்டோரம், தறப்பாள் கொட்டிலுக்குள்
ரெஜினோல்ட் அண்ணர் பலகையில் எழுதாமல்
வாயால் மட்டும் சொன்னார்.
இருபத்திரண்டு பெண்கள் திருப்பிச் சொன்னோம்.
பள்ளிக்கூடத்தில் அது எனக்கு
தண்ணீருக்கும் வானத்துக்கும் முன்னால் வைக்கிற சொல்.
இங்கே வினை.
முழங்காலில் நின்று செய்கிற வினை.

ஒரு மீற்றர் அகலப் பாதை.
சிவப்புத் தடியிலிருந்து ஒரு கை நீளம்.
புல்லைக் கத்தரிக்கோலால் இழை இழையாய் நறுக்கி
கருவியை இடமும் வலமும் ஆட்டி
அது கீச்சிட்டால் மூச்சைப் பிடித்து
மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டினால்
பெரும்பாலும் மீன் ரின் மூடி.
பெரும்பாலும்.
பின்னேரம் அளந்தால் எட்டுச் சதுர மீற்றர்.
என் குசினி அதைவிடப் பெரிது.

சனிக்கிழமை லோன் தம்பி வருவான்,
மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே
"அக்கா, இந்த மாதமாவது கிளியர் பண்ணுங்கோ" என்பான்.
அந்தச் சொல்லைச் செய்துதான்
நான் சம்பளம் எடுக்கிறேன்.
எடுத்ததை அவனிடம் கொடுத்தால்
அவன் கொப்பியில் அது வட்டிக்கே காணாது.

தம்பி கட்டாருக்குப் போக
பொலிஸ் கிளியரன்ஸ் கேட்டார்கள்.
பதினாலு மாதம் கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் அலைந்து
ஒரு தாள் கொண்டுவந்தான்.
எங்கிருந்து எதை அகற்றினார்கள் என்று
அந்தத் தாளில் இல்லை.
அவனைக் கேட்டேன். சோறு போடு என்றான்.

தமிழில் இவ்வளவுக்கும் ஒரே வினை கிடையாது.
காட்டை வெட்டுவோம், கடனை அடைப்போம்,
தொண்டையைச் செருமுவோம்,
சாப்பிட்ட கோப்பையை எடுப்போம்.
கலங்கின தண்ணியை மட்டும்
ஒன்றும் செய்யாமல் விடுவோம், அது தானாய்த் தெளியும்.
தானாய்த் தெளிவதற்கு இங்கிலீஷில் என்ன என்று
தேநீர் நேரம் ரெஜினோல்ட் அண்ணரைக் கேட்டேன்.
"அதுவும் கிளியர்தான்" என்றார்.
"ஆர் செய்தது எண்டு சொல்லத் தேவையில்லை."
பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்தபடி சொன்னார்.
பாதி உடைந்து உள்ளே விழுந்தது.

காணி கையளிக்கிற நாள்.
படிவம், கையெழுத்து, ஒரு படம்.
அருந்தவம் அக்கா தன் வேலிக்கப்பால் நின்றா,
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.
கிளியர் என்று சொன்னோம்.
வரைபடத்தை விரித்துக் காட்டினோம்.
"ஓம், விளங்குது" என்றா. அசையவில்லை.
பிறகு என்னைப் பார்த்து,
"நீ முதல் நட பிள்ளை."

நடந்தேன்.
ஒன்பது மாதம் முழங்காலால் போன நிலத்தில்
முதல் தரம் பாதத்தால்.
கால் கூசியது.
பாலை மரத்தடி மட்டும் போய்த் திரும்பிப் பார்த்தால்
நான் வைத்த அடிகளிலேயே அடி வைத்து
அவ வந்துகொண்டிருந்தா.

கிணறு எங்கள் கணக்கில் இல்லை.
அவவே பம்ப் வாடகைக்கு எடுத்து
மூன்று நாள் இறைத்தா.
முதல் நாள் கறுப்பு, மறுநாள் தேநீர் நிறம்.
மூன்றாம் நாள் அடியில் ஒரு தையல் மெசின் தலை தெரிந்தது,
சேலையால் சுற்றி, நைலோன் கயிற்றால்
அவ்வளவு கவனமாய் முடிச்சுப் போட்டு.
"உங்கடையோ அக்கா?"
"இல்லை. எனக்குத் தைக்கவும் தெரியாது."
ஊர் விட்டு ஓடின சனம்
இந்த வழியாலும் போனது.
ஆரோ திரும்பி வாற எண்ணத்தோடு
முடிச்சுப் போட்டிருக்கினம்.

படிவத்தைப் பிறகும் எடுத்துப் பார்த்தேன்.
கண்டெடுத்தவை என்ற நிரலில்
வெடிப்பொருளுக்கு மட்டும்தான் இடம்.

அருந்தவம் அக்கா முடிச்சை வெட்டவில்லை,
நகத்தால் அவிழ்த்தா. நேரம் எடுத்தது.
தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டு
கைச்சில்லைத் தட்டினா.
அசையவில்லை.
இன்னொரு சொட்டு.
அது கால்வட்டம் சுற்றி நின்றது.