ஒன்றரைப் பவுன்

மாங்கூழ் ஆலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தவன்.
திம்மராயன், இருபத்திரண்டு வயது,
காய்ச்சல் நூற்றிரண்டு.
"லைட்டை நிறுத்துங்க" என்றான்
பேர் சொல்வதற்கு முன்பே.

கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில்
ஆண்கள் வார்டின் குழல்விளக்கு ஒன்றை அணைத்தால்
ஆறு கட்டில் இருளும்.
ஐந்து பேர் முணுமுணுத்தார்கள்.
அணைத்தேன்.

இது எந்த ஊர், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன்.
இரண்டையும் சொல்லிவிட்டு
பெங்களூரா டன் ஐயாயிரத்துக்கு விழுந்ததையும்
காவேரிப்பட்டணத்து லோடு ஒன்று
கேட்டுக்கு வெளியே மூன்று நாளாய் அழுகுவதையும் சொன்னான்.
நினைவு தெளிவு, என்று எழுதினேன்.

'இல்லை' என்று வேகமாகத் தலையாட்டச் சொன்னேன்.
பாதி இல்லையில் நின்றுவிட்டான்
கண்ணை இறுக்கிக்கொண்டு.

பிடரிக்கடியில் கை கொடுத்துத் தூக்கினேன்.
தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே நாலு விரல்,
அதற்கு மேல் கழுத்து வரவில்லை.
யாரோ உள்ளிருந்து பிடித்துக்கொண்டார்கள்.
ஆனால் போர்வைக்குள்
முழங்கால் இரண்டும் தாமாக எழுந்தன.
நான் அவற்றைக் கூப்பிடவேயில்லை.

தொடையை மடித்துக் காலை நீட்டப் பார்த்தேன்.
"இடுப்பு" என்றான். விட்டுவிட்டேன்.
இந்த இரண்டுக்கும் இரண்டு வெள்ளைக்காரர் பெயர் உண்டு.
கட்டில் ஓரம் நின்ற நாகவேணிக்கு அது தேவைப்படவில்லை.

வயிறு, முதுகு, உள்ளங்கால்:
ஊதாப் புள்ளி ஒன்றுகூட இல்லை.
கண்ணின் அடியில் நரம்பு வட்டம்
விளிம்பு கலையாமல் இருந்தது.
விரலைப் பிடி என்றதும் இரண்டு கையாலும் பிடித்தான்
ஒரே பலத்தில்.
வலித்தது. நிம்மதியாக வலித்தது.

பிறகுதான் காதுக்குக் கீழே பார்த்தேன்,
முதலிலேயே பார்த்திருக்க வேண்டியதை.
தாடையின் மூலை தெரியவில்லை,
இருபுறமும் பொதபொதவென்று.
"பொன்னுக்கு வீங்கி" என்றாள்.
"போன வாரமே வந்துச்சு. தங்கம் போட்டா வத்திடும்னாங்க.
சங்கிலி அடகுல கிடக்கு."
அவன் கழுத்தில்
மஞ்சள் தேய்த்த நூலொன்று வியர்வையில் ஒட்டியிருந்தது.
"வட்டி கட்டி மீட்டிருந்தா
தலைக்கு ஏறியிருக்காதில்ல, டாக்டர்?"

ஏறியிருக்கும் என்றேன்.
சரியான பதில்தான்.
முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், பயப்படாதீர்கள்,
இந்த வகை பெரும்பாலும் தானே இறங்கிவிடும் என்றும் சொன்னேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே பார்த்தாள்.

மறுபடி குனிந்திருந்தேன் போல.
கோட்டுக்குள்ளிருந்து நழுவி
ஒன்றரைப் பவுன் அவன் முகத்துக்கு மேல் ஆடியது,
டார்ச் வெளிச்சத்தில் மினுங்கி.
அவன் முகத்தைத் திருப்பினான்.
அவள் திருப்பவில்லை.

சங்கிலியைக் காலருக்குள் தள்ளினேன்.
அவனுக்கு வெளிச்சம் ஆகாது,
அதனால்தான்.