ஞாயிற்றுக்கிழமை வந்த பணம்

ஞாயிறு ராத்திரி பதினொன்றே காலுக்கு
துபாயிலிருந்து வந்துவிட்டது பங்கனப்பள்ளிக்கான பணம்.
வங்கி தூங்கிக்கொண்டிருந்தது.
கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியில்
லாரிகள் தூங்கிக்கொண்டிருந்தன.
அபுதாகிரின் போன் மட்டும் விழித்திருந்தது:
நாலாயிரத்து இருநூறு டெதர்.
ஒரு சாயா ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

போன வருஷம் இதே பணம்
வங்கி வங்கியாக ஏறி இறங்கி
ஆறு நாள் கழித்து முதலமடை வந்தபோது
வழியெல்லாம் யார் யாரோ கிள்ளியிருந்தார்கள்.
இந்த முறை கிள்ளல் நூறு ரூபாய்க்கும் கீழே.
ஒப்புக்கொள்கிறேன்.
கணக்கு எழுதுகிறவள் நான்,
வந்ததை வரவில்லை என்று எழுத முடியாது.

விடிந்தது.
பெட்டி அடுக்கிய பதினெட்டுப் பேர் கூலிக்கு நின்றார்கள்.
செந்தாமராட்சன் போனை வாங்கிப் பார்த்தார்,
திருப்பிப் பார்த்தார், மோந்து பார்க்காத குறை.
"இதுல என்னுது எது?"
காட்டினேன்.
"இதக் காட்டினா மீன்காரி மத்தி தருவாளா?"

முகம் தெரியாத ஒருவனுக்கு முக்கால்வாசியை விற்று
ரூபாயாக வாங்கினார் அபுதாகிர்.
செவ்வாய்க்கிழமை அவர் கணக்கு முடங்கியது.
நாங்கள் பெயர்கூடக் கேட்டிராத ஒரு மாவட்டத்து சைபர் போலீஸ்
அந்த ரூபாய் யாரையோ ஏமாற்றிப் பறித்தது என்கிறது.
மாங்காய் விற்றது நிஜம், பில் இருக்கிறது.
பில்லைத் திருட்டுப் பணத்துக்குத் தெரியாதே.

வங்கி மேனேஜர் நல்ல மனுஷி.
உட்காரச் சொன்னார். தண்ணீர் தந்தார்.
"எங்க கையில இல்லை" என்றார்.

மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் பத்திரம்.
எந்தப் போலீசும் தொட முடியாது என்றார் அபுதாகிர்.
புதன்கிழமை
பழம் கழுவும் தொட்டியில் போன் விழுந்தது.
இப்போது எங்களாலும் முடியாது.
சாவி பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள்.
எடைச்சீட்டின் பின்பக்கம் தமிழெழுத்தில் எழுதி வைத்திருந்தேன்:
ரிப்பன், லேடர், ஆர்ஃபன்...
ஏழாவது மேங்கோ. அன்றைக்குச் சிரித்தோம்.
ஒன்பதாவதன் மேல் மாம்பால் கறை.
உட்காரச் சொல்ல
அங்கே யாரும் இல்லை.

கூலி?
மீனாட்சிபுரத்தில் நான் கட்டும் சீட்டை
எட்டாயிரம் தள்ளி ஏலத்தில் எடுத்தேன்.
எட்டாயிரம்!
காகிதமும் கிள்ளத்தான் செய்கிறது,
கிள்ளும் கை யாருடையது என்று தெரியும், அவ்வளவுதான்.

எண்ணிக் கொடுத்தேன்.
ஒரு நூறு ரூபாய் நடுவில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.
செந்தாமராட்சன் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
"கேரளா பஸ்ல வாங்கமாட்டான்,
பொள்ளாச்சி வண்டில தள்ளிரலாம்"
என்று மடித்துக்கொண்டார்.