ஒத்தை ஆணி

கேடிசி நகர் தாண்டி
நாலுவழிச் சாலையின் இரைச்சல் மெலியும் இடத்தில்
இரண்டரை சென்டில் எனக்கொரு வீடு.
நான் அங்கே இல்லை.

சமாதானபுரத்தில் வாடகைக்கு இருக்கிறேன்.
ஒரு அறை, ஒரு அடுக்களை,
மாடிப்படிக்குக் கீழே குனிந்து நுழையும் குளியலறை.
ஐயாயிரம்.

கணக்கு இப்படி:
வங்கித் தவணை பதினாறாயிரத்து நானூறு.
வாடகை ஒன்பதாயிரம் வரும்.
நானே குடியேறினால் முழுத் தவணையும் என் தலையில்.
வாடகைக்கு விட்டால்
சமாதானபுரத்து ஐயாயிரத்தையும் சேர்த்துப்
பன்னிரண்டாயிரத்து நானூறுதான்.
மாதம் நாலாயிரம் மிச்சம்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி லேப் சீட்டின் பின்பக்கம்
மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.
முன்பக்கத்தில் யாருக்கோ
சர்க்கரை இருநூற்றுப் பத்து.

புரோக்கர் ஆவுடையப்பன் கேட்டார்:
"ஆளு வரும் மேடம். முதல்லயே சொல்லிருங்க.
நம்மாளுக மட்டும்னா
அதுக்குத் தக்கன பாக்கேன்."

நம்மாளுக.
வீடு தேடி நான் ஏறிய பதினோரு படிகளிலும்
என் சம்பளத்தை யாரும் கேட்கவில்லை.
சொந்த ஊர் எது என்பார்கள்.
அங்கே எந்தத் தெரு என்பார்கள்.
தெருப் பேர் போதும்,
நீட்டிய சாவி இடுப்புக்குத் திரும்பிவிடும்.

இப்போது அந்தக் கேள்வி என் கையில்.
பொய் சொல்லக் கூடாது,
புதுச் சாவிக்கொத்து மாதிரி
கனமாக, கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது.

முப்புடாதி வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு.
புருஷன் தென்காசி ரூட்டில் கண்டக்டர்.
குழாயைத் திறந்து பார்த்தாள்.
சுவரைத் தட்டிப் பார்த்தாள்.
கரண்டு மீட்டர் தனியா என்றாள்.
எல்லாம் முடிந்தும் வாசலைவிட்டு நகரவில்லை.
"வேற எதுவும் கேக்கணுமாக்கா?"

எந்த வேற என்று எனக்குத் தெரியும்.
பதிலைத் தயாராக வைத்திருந்தாள்,
பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டு.

"குடிதண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்காதான் வரும்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
"ஆத்துத் தண்ணிதான?"
"ஆமா."
"அப்பம் சரி."

சீட்டில் எழுதாதவை பிறகு வந்தன.
முதல் மாதமே மோட்டார் புகைந்தது, மூவாயிரத்து இருநூறு.
மழையில் மொட்டை மாடி ஓரம் கசிந்தது.
வீட்டு வரி.
அட்வான்ஸ் வரவில்லை, கடன் என்று
ஸ்டெல்லா சிஸ்டர் சொல்லித்தான் உறைத்தது.
ஐம்பதாயிரத்தையும் தனிக் கணக்கில் போடப் போனேன்.
அதற்குள் எட்டாயிரம் குறைந்திருந்தது.
நாலாயிரம் மிச்சத்தை
இதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

ஐந்தாம் தேதி போன் சிணுங்கும், ஒன்பதாயிரம்.
ஆறாம் தேதி
வடிவம்மாள் வீட்டுப் படியேறி எண்ணி வைப்பேன்.
நடுவில் ஒரு ராத்திரி
நான் வீட்டுக்காரி.

மூன்றாம் மாதம் முப்புடாதி கூப்பிட்டாள்.
"யக்கா, காலண்டர் மாட்டணும்.
ஆணி அடிச்சிக்கிடட்டா?"

பெயிண்ட் வாசம் போகாத சுவர்.
யாரோ என் விலாவில்
ஆணியை வைத்துக் குறிபார்த்தது போலிருந்தது.
"ஒத்தை ஆணி" என்றேன்.
"ஹால்ல வேண்டாம். அடுக்களைப் பக்கம்."
வடிவம்மாள் குரல்
என் தொண்டையிலிருந்து வந்தது.
"சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

நிமிர்ந்தேன்.
ஆறு வருஷமாக
ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கும்
என் காலண்டர்
காற்றில் திரும்பித்
தெருவுக்குத் தேதி காட்டிக்கொண்டிருந்தது.